முகட்டு வளையில் ஓர் ஆணி

புதுக் கேபிள் வயர்ச் சுருளைப் பிரிக்கும்போது, வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பைப் போல் ஒரு வாசம் வரும். சின்ன வயசு என்றால் மற்றவர்களுக்கு மல்லிகையோ மழையோ ஞாபகம் வரலாம். எனக்கு இந்தக் கறுப்பு வயரின் வாசம்தான் வரும், வந்ததும் வயிறு குளிர்ந்துபோகும். எங்கள் அம்மா பெரியம்மாவைப் பழி தீர்த்துக்கொண்டது அந்த வயரை வைத்துத்தான். ஒளிப்பானேன், இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுடையது நீளமான பழைய ஓட்டு வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, போர்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியை நிறுத்த இடம் வேண்டுமென்று பெரியப்பா பின்பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தெருவைப் பார்த்த முன்பாதி எங்களுக்கு வந்தது. நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறந்த வெளிதான். அவர்கள் வீட்டில் கறி தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கூரையைத் தாங்கி ஒரே மரமாக ஓடிய முகட்டு வளையை மட்டும் பிரிக்க முடியவில்லை. "வளைய அறுத்தா ஊடு நிக்காதுங்க. அது ரெண்டு பேருத்துக்கும் பொது. ஆரு ஆணி அடிச்சாலும் அடுத்தவங்களக் கேட்டுட்டு அடிங்க" என்று பாகம் பிரிக்க வந்த பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஒரு பேச்சை இரண்டு வீடும் வேத வாக்காகக் காப்பாற்றின. மற்ற எதையும் காப்பாற்றவில்லை.

ரிக் வண்டி வடக்கே போய்ச் சம்பாதித்துக் கொடுத்த காசில் பெரியப்பாவின் பின்பாதி வீட்டுக்கு, எங்கள் பேச்சில் பின்னூட்டுக்கு, கலர் டி.வி. வந்தது. எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டி.வி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குப் பாதித் தெரு அங்கேதான் உட்கார்ந்திருக்கும், நானும் என் தம்பியும் முன்வரிசையில் இருப்போம். அம்மாவுக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததே இல்லை. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிவிட்டு அவள் வீடு திரும்பும்போது படம் முடிந்திருக்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்து, கைகால் கழுவி, முகத்துக்குப் பவுடர்கூடப் பூசிக்கொண்டு வந்து நிலைப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் டி.வி.யை நிறுத்தினாள். "டி.வி. சூடாயிருச்சு. எல்லாரும் எந்திரிங்க" என்றாள்.

அவ்வளவு பேரும் எழுந்து கலைந்தோம். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள். நான் முதல் வாய் சோற்றை எடுத்தபோது சுவருக்கு மேலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது, அதன் பிறகு வசனம், கடைசியில் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தம். பின்னூட்டில் மிச்சப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். "இருக்கட்டும்" என்றாள். அவள் முகத்துப் பவுடர் வேர்வையில் திட்டுத்திட்டாக நின்றதை நான் பார்த்தேன், பெரியம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷத்தில்தான். அதற்குப் பிறகு ரெண்டு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் எங்கள் ஊருக்குக் கேபிள் வந்தது. கடைத்தெருவில் ஒருவர் வீடியோ டெக் வைத்துப் படம் போட்டு, கம்பத்துக்குக் கம்பம் வயர் இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார். மாரியம்மன் கோயில் திருவிழா, எங்கள் பக்கத்தில் நோம்பி, நெருங்கிக்கொண்டிருந்தது. ஆத்தூரிலிருந்து வரப்போகிற தன் பிறந்த வீட்டாரிடம், நோம்பி முடிகிற வரைக்கும் விடாமல் படம் பார்க்கலாம் என்று பெரியம்மா பெருமை அடித்து வைத்திருந்தாள். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கம்பம் இருந்தது எங்கள் வாசலில். "ஓட்டு மேல போட்டா காத்துக்கு நிக்காதுங்க. இந்த வளையோட ஆணி அடிச்சுக் கொண்டுபோனாத்தான் படம் சுத்தமா வரும்" என்றார். பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனது.

பெரியப்பா வண்டியோடு வடக்கே இருந்தார். "அண்ணி ஆசப்படறாங்க, உட்ரு" என்று அப்பா சொல்லிப் பார்த்தார், அம்மா காதில் வாங்கவில்லை. மறுநாள் பெரியம்மா பின்வாசலில் எருமையைக் கட்டிக்கொண்டே அதனிடம் பேசினாள்: "ஒரு ஆணி அடிச்சா குடியா முழுகிப்போயிரும்? மனசு ஓணும், மனசு." சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா கோழியிடம் சொன்னாள்: "ஓணும்ங்கறவங்க வாசலுக்கு வந்து வாயத் தொறந்து கேக்கட்டும்." எருமையும் கோழியும் இப்படியே சில நாள் மாட்டிக்கொண்டு விழித்தன.

நோம்பிக்கு முந்தின நாள் பெரியம்மா இறங்கி வந்தாள். பட்டுச்சேலை கட்டி, தூக்குப்போசிப் பாத்திரம் நிறைய ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி எங்கள் முன்வாசலுக்கு வந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க" என்று அம்மா நிலைப்படிக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். பெரியம்மா உட்கார்ந்தாள்.

"அம்மிணி, அந்த வளையில நாலு ஆணி அடிச்சுக்கட்டுமா? ஊர்ல இருந்து சனமெல்லாம் வாராங்க."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "டி.வி. சூடு ஆறிருச்சுங்களா அக்கா?"

"என்ன அம்மிணி?"

"அன்னைக்கு என்னயக் கண்டதும் சூடாயிருச்சுன்னு நிறுத்துனீங்களே. நாங்க இந்தப் பக்கம் வந்ததும் ஆறிருச்சாட்டம் இருக்குது, பாட்டுக் கேட்டுச்சுங்க. இப்ப எங்க வளை சூடா இருக்குது. ஆறட்டும், சொல்லி உடறேன்."

பெரியம்மா எழுந்தாள். வீட்டுக்கு வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அந்த வழக்கத்தை மீறவில்லை, போசியை ஒப்பிட்டோடேயே கையில் கொடுத்து அனுப்பினாள். நானும் தம்பியும் எச்சிலை விழுங்கிக்கொண்டோம்.

கடைசியில் கேபிள்காரர் அடுத்த தெரு மாடிகளையும் ஒரு வேப்பமரத்தையும் சுற்றி வயரை இழுத்துக் கொடுத்தார். தூரம் கூடினால் படம் செத்துவிடும் என்று இழுக்கும்போதே சொன்னார், சொன்னபடியே ஆனது. ஆத்தூர்க்காரர்கள் நோம்பி முழுக்கப் பார்த்தது படத்தையல்ல, எறும்புக் கூட்டத்தை. கொஞ்சம் காற்றடித்தால் அதுவும் போய்விடும். "இதுக்கா எங்கள வரச் சொன்ன?" என்று பெரியம்மாவின் அண்ணி கேட்டது சுவருக்கு மேலாகத் தெளிவாக எங்கள் காதில் விழுந்தது. அன்றைக்கு அம்மா ரெண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

பிறகு எங்களுக்கும் ஒரு டி.வி. வாய்த்தது. கம்பம் வாசலிலேயே இருந்ததால் படம் கண்ணாடி போல் இருக்கும். பின்னூட்டிலும் அதே படம் எறும்பு மொய்த்தபடி ஓடும், வயர் ஆடினால் அவர்களுக்குச் சத்தமும் போய்விடும், எங்கள் பக்கத்துச் சத்தத்தை வைத்துத்தான் கதையைப் பிடித்துக்கொள்வார்கள். அது தெரிந்து, படம் முடிகிற கட்டத்தில் அம்மா சுவரைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "டி.வி. சூடாயிருச்சு, நிறுத்திரு சாமி." முடிவு தெரியாமலே எத்தனையோ படங்கள் எங்களுக்கும் போயின. தம்பி அழுவான். நான் எழுந்து போய் நிறுத்துவேன்.

இப்போது அந்த ஓட்டு வீடு இல்லை. வீட்டை இடித்த அன்று வளையை இறக்கிக் கீழே போட்டார்கள். புகையேறிக் கறுத்திருந்த அந்த மரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் தடவிப் பார்த்தேன், ஓர் ஆணி ஓட்டைகூட இல்லை. டெக் கடை போய்விட்டது, வேப்பமரம் போய்விட்டது, அம்மாவும் போய்விட்டாள். முன்பாதியில் நான் மாடி வீடு கட்டியிருக்கிறேன், பின்பாதியில் பெரியம்மாவின் மகன் குமார் கட்டியிருக்கிறான். நல்ல பையன்தான், எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் கிடையாது.

போன வாரம் வந்து வாசலில் நின்றான். "அக்கா, உங்க மாடி வழியா நெட் வயர் ஒண்ணு எடுத்துக்கறேனுங்க. அம்மா நாள் முழுக்கப் படுத்தே கெடக்குது. சீரியலாவது பாக்கட்டும்" என்றான். கையில் புதுக் கறுப்பு வயர்ச் சுருள் இருந்தது. அந்த வாசம் வந்தது.

"எடுத்துக்கலாம் குமாரு. பெரியம்மாளையே வந்து கேக்கச் சொல்லு" என்றேன்.

"அம்மாவால எந்திரிச்சு நடக்க முடியாதுங்களே அக்கா."

தெரியும் என்றேன்.