சண்முகத்தாய் எழுதிய புதுத் தினுசு அஞ்சலி

அரசுப் பதிவுச் சான்றிதழின்படி தேனி சண்முகத்தாய் ஒரு ‘படைப்பாக்க விளம்பர ஆலோசகர்’. பதினோரு வருடமாக அவர் எதையும் படைக்கவில்லை. அவரிடம் யாரும் ஆலோசனையும் கேட்கவில்லை. அவருடைய ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என மூன்று வாசகங்கள் இருந்தன. பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. செத்தவர்கள் குறை சொன்னதில்லை. கல்யாணமானவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல் கற்றுத்தரும் செல்போன் செயலி, ஒரு திங்கட்கிழமை அவருக்கு ‘கிளிஷே’ என்ற சொல்லைக் கொடுத்தது. எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு என்று பொருள். சண்முகத்தாய் தன் மூன்று வாசகங்களையும் திறந்து படித்துப் பார்த்தார்; மூன்றும் அதேதான்.

அன்றைக்குத்தான் வடுகபட்டி தங்கபாண்டி வந்தான். அவன் அப்பா கர்ணன், பூண்டு வியாபாரி, போன வாரம் இறந்திருந்தார். மயிலாடும்பாறையில் இருக்கும் அப்பாவின் அக்கா, அத்தை மூக்கம்மாளோடு பத்து வருடமாகப் பேச்சில்லை. சாவுக்கும் சொல்லாமல் விட்டாயிற்று. இப்போது நேரில் போய்ச் சொல்ல முகமில்லை. அத்தை வராமல் கருமாதி நடத்தவும் மனமில்லை. அவள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டால் அதுவே சொல்லிவிடும் என்பது அவன் திட்டம்.

“வழக்கமா போடுறதைப் போடுங்கக்கா.”

“அதெல்லாம் கிளிஷே, தம்பி.”

“அது எத்தனைக்கு எத்தனை அடிக்கா வரும்?”

சண்முகத்தாய் ‘கண்ணீர் அஞ்சலி’யை நீக்கினார். பிரிவையும் துயரத்தையும் நீக்கினார். கர்ணன் கைகூப்பிச் சிரிக்கும் படத்துக்குக் கீழே இப்படி எழுதினார்: ‘எடையைக் குறைத்ததில்லை. பேச்சையும் குறைத்ததில்லை. ஞாயிறு காலை வடுகபட்டி வீட்டில் சாப்பாடு. அனைவரும் வருக.’

ஃபிளெக்ஸ் ஏறிய அன்றே தங்கபாண்டிக்குப் போன் வந்தது. பத்து வருடம் கழித்து அத்தையின் குரல்.

“ஏலே, ஒங்கப்பன் எலெக்சன்ல நிக்கிறானாம்ல. வடுகபட்டியில நிக்கிறவனுக்கு இங்கன எதுக்குலே போர்டு? சோறு வேற போடுறானாம். அவனையே வந்து கூப்பிடச் சொல்லு, வாரேன்.”

தங்கபாண்டி “சரி அத்தே” என்று சொல்லி வைத்துவிட்டு, நேரே கடைக்கு ஓடி வந்தான்.

“அப்பா வந்து கூப்பிடணுமாம்க்கா. நான் என்னத்தைச் சொல்ல?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கடையைப் பாத்துக்க.”

சண்முகத்தாய் மயிலாடும்பாறைக்குப் பஸ் ஏறிப் போய், மூக்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒங்க தம்பி இறந்துட்டாகம்மா” என்று சொன்னார்.