அத்தையின் நாற்பத்திரண்டு இசைத்தட்டுகள்

எங்கள் வீட்டில் எழுத்து என்று ஒன்று நுழைந்ததே என் புத்தகப் பையில்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் படிக்கத் தெரியாது. ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்புறம், கால்வாய்க் கரையோரம் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பில் நான் இங்கிலீஷையும் கூட்டிப் படிக்க ஆரம்பித்தபின், மின்சார அட்டையிலிருந்து மாத்திரைப் பட்டைவரை எல்லாம் என் கைக்கே வரும். நான் படித்துச் சொல்லும்வரை மூன்று பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பத்து வயதில் அந்த ருசி கண்டால் தலை சும்மா இருக்குமா? கண்ணில் படுகிற எதையும் நான்தான் திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் அக்கா. அவள் புருஷன், அதாவது என் மாமா, ஒரு காலத்தில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ், சாவு என்று எதுவானாலும் மந்தைவெளியிலிருந்து அடையாறுவரை அவர் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். மாமா கம்பத்தில் ஏறுவார். கீழே பெட்டியருகே உட்கார்ந்து இசைத்தட்டு மாற்றுவது அத்தை. கேசட் வந்ததும் மாமா பிளேயரை விற்றுவிட்டார். தட்டுகளைக் கொடுக்க அத்தை சம்மதிக்கவில்லை. மாமா போய்ச் சேர்ந்தபின் ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டாள். பெட்டியில் நாற்பத்திரண்டு தட்டுகள். வீட்டில் பிளேயர் கிடையாது. ஆனாலும் மழைக்காலம் வந்தால் முதலில் பரணுக்கு ஏறுவது அந்தப் பெட்டிதான். அதைத் தொட அப்பாகூடப் பயப்படுவார்.

அத்தை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு சாருக்கு இசைத்தட்டுப் பைத்தியம். மாதக் கடைசி ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பையில் தட்டுகளைக் கொண்டுவருவார்கள். ஹாலில் உட்கார்ந்து, ஒருவர் போட மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். தியாகராய நகரிலிருந்து ஒரு காலேஜ் பையன் வருவான். பிளேயர் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் ராயப்பேட்டையிலிருந்து வருவார்.

ஒரு நாள் ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே சொன்னாளாம்.

"சார், மிசினு இழுத்துக்கினு கீது. ஸ்பீடு பத்தல."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாராம் சார். பாய் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே பெல்ட் தளர்ந்திருந்தது. அதன்பிறகுதான் சார் அவளை உட்காரவைத்து விசாரித்தார். தகரப் பெட்டியைப் பற்றித் தெரிந்ததும், அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் ஒரு மணி நேரம் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார். துடைக்கிற ஹாலில், எல்லோருக்கும் முன்னால், அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் போடப்போகிறாள் என்ற சேதி எங்கள் வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. அம்மா தன் கல்யாணப் புடவையை எடுத்து மடிப்பு நீவிவைத்தாள். அத்தை மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அந்த வாரம் சாரின் மகள் ஏழு மாத வயிற்றோடு, வளைகாப்பு முடிந்து, தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பாட்டு மங்கலமாக இருக்கவேண்டும் என்று அந்த வீட்டம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் யாரும் இல்லை. அத்தை துடைத்துத் தயாராக வைத்திருந்த பெட்டியை நான் திறந்தேன்.

திறந்ததும் எனக்கு மானம் போய்விட்டது. ஒரு தட்டுகூட அதன் உறையில் இல்லை. உறையில் ஒரு படத்தின் பெயர் இருந்தால் உள்ளே தட்டில் வேறு பெயர். கழுத்தில் மாலையோடு ஒரு கல்யாணப் பெண் சிரிக்கிற உறைக்குள் நாதஸ்வரத் தட்டு இருந்தது. அந்தப் படத்தின் தட்டோ கடைசியில், பெயரே இல்லாத பழுப்புக் காகித உறையில் கிடந்தது. படித்தவர்கள் நடுவில் அத்தை இதைத் திறந்தால் என்ன நினைப்பார்கள்? தட்டின் நடுவிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, நாற்பத்திரண்டையும் பெயர் பார்த்து மாற்றிப் போட்டேன். தனக்கென்று உறை இல்லாத நாதஸ்வரத் தட்டு, மிஞ்சிய பழுப்பு உறைக்குள் போனது. உறைகளின் வரிசையை மட்டும் கலைக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன். முடித்தபோது ஒரு பெரிய பரீட்சை எழுதியதுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாளை எல்லோரும் பார்த்துப் பாராட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை படித்தவள் இல்லை என்பதால்தான் தட்டுகள் உறை மாறிக் கிடந்தன என்று நினைத்தேன். மைக்செட்காரர்களின் வழி வேறு. அதிகம் ஓடுகிற தட்டுக்கு உறுதியான உறை. எப்போதாவது ஓடுவதற்குக் கிழிந்த உறை. அவசரத்தில் கை தானாகப் போகிற இடத்தில், கல்யாண நாளின் காலையிலிருந்து சாயங்காலம்வரை வரிசையாக அடுக்கியிருக்கும். பெண் மணவறைக்கு வரும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பந்திக்கு நாலு. சாவு வீட்டில் மட்டும் போடுகிற சோகப் பாட்டுத் தட்டு, மற்றவற்றோடு ஒட்டாமல், கடைசியில் பழுப்பு உறையில் தனியாக இருக்கும். சுபகாரியத்தில் தவறிக்கூட அதன்மேல் கை படக்கூடாது. நான் மாலைபோட்ட பெண்ணின் உறைக்குள், முதல் இடத்தில், கொண்டுபோய் வைத்தது அந்தத் தட்டைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சாரின் மகள் கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு சோபாவில் சாய்ந்திருந்தாள். நான் அவள் காலருகே தரையில். அத்தை அம்மாவின் புடவையில் வேறு யாரோபோல இருந்தாள். பெட்டியைத் திறந்து, பார்க்காமலே முதல் உறையை எடுத்தாள். தட்டின் ஓரத்தை மட்டும் உள்ளங்கைகளில் தாங்கி, தூசி பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

கறுப்புத் தட்டின் மேல் வெளிச்சம் விசிறிபோல விரிந்து ஓடியது. அவள் அதை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். மகளின் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள். தட்டை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அதையும் வெளிச்சத்தில் சாய்த்தாள். பிறகு மூன்றாவது. நெற்றியில் வேர்வை பொடிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, எல்லாத் தட்டுகளையும் ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க," என்று காலேஜ் பையன் முணுமுணுத்தான்.

"சும்மா இரு நைனா," என்றார் பாய். அவர் மட்டும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டம்மாவின் முகம் கடுத்துக்கொண்டே வந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் போடமாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தட்டைச் சாய்ப்பதும், ஒரு கணம் பார்ப்பதும், வலப்பக்கமோ இடப்பக்கமோ வைப்பதுமாக அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த எழுத்துப் பக்கம் அவள் கண் போகவே இல்லை. எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ. கடைசியாகப் பழுப்பு உறையிலிருந்து ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்தாள். மூச்சை விட்டாள். எழுந்துபோய் அதை வைத்து ஊசியை இறக்கினாள்.

ஒத்தின் சுருதி கிளம்பியது. அதன்மேல் நாதஸ்வரம் ஏறியது. அவ்வளவு பெரிய சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் வயிற்றில் கைவைத்து, "அம்மா, உதைக்கிறான் பாரு" என்றாள். வீட்டம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

தட்டு முடிந்ததும் காலேஜ் பையன்தான் முதலில் கேட்டான். எழுத்தைப் பார்க்காமல் எப்படித் தெரிந்தது? அத்தைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"தட்டுல கீற கோட்டப் பாத்தா தெரியாதா தம்பி? சத்தம் வர்ற எடத்துல வெளுத்துப் போய் சொரசொரன்னு கீது. அடங்குற எடத்துல கறுப்பா, வழவழன்னு கீது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மூஞ்சி."

அவன் நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தன் தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் இருந்த எழுத்தைக் கையால் மறைத்து நீட்டினான். அத்தை ஜன்னலுக்குப் போனாள்.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. மெதுவா ஆரம்பிக்கும். தோ, இங்க எல்லாம் சேந்து அடிப்பாங்க. இந்த எடத்துல அல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரே ஒருத்தர். அப்பால திரும்பவும் அடி."

பையன் தட்டைப் போட்டான். மெதுவாக ஆரம்பித்தது. பிறகு அத்தனை வாத்தியங்களும் ஒன்றாக எழுந்தன. சட்டென்று எல்லாம் நின்று, ஒற்றை வயலின் மட்டும் தனியாக இழைந்தது. என் கையெல்லாம் புல்லரித்தது. ஊமையாகக் கிடந்த ஒரு தட்டின் உள்ளே இருப்பதைப் பார்த்தே சொன்னவள், தினமும் என் தலைக்கு எண்ணெய் வைக்கிற அத்தைதானா என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருஷமா இந்த மிசினோடதான் கெடக்குறேன்," என்றார் பாய். "எனக்குக் காதுலதான் கேக்குது தங்கச்சி."

சார் தரையில் கிடந்த உறைகளைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, எல்லாம் அதது கவர்லதானே இருந்திருக்கு? பேரெல்லாம் கரெக்டா இருக்கே. அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் தேடினீங்க?"

அத்தை அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கினாள். உறையைப் பார்த்தாள். அதிலிருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"அப்டியா சார்? நான்தான் அவசரத்துல மாத்தி மாத்தி சொருவிட்டேன்போல கீது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்டுபிடிக்கவில்லை. அத்தைக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அன்று மீதி நேரம் முழுவதும் பாட்டுக் கேட்டேனோ இல்லையோ, தப்பித்துவிட்டதை நினைத்து உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை புடவையை மாற்றிக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒவ்வொரு உறையாக எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றாள். படித்தேன். உள்ளேயிருந்த தட்டை ஒரு தரம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நான் சொன்ன பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அதே உறைக்குள் வைத்தாள். பழைய வழிக்கு ஒன்றைக்கூட மாற்றவில்லை. சாவு வீட்டுத் தட்டு மட்டும், மாலைபோட்ட பெண்ணோடு சேர்ந்து, பெட்டியின் கடைசிக்குப் போனது. நான் குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, பழுப்பு உறைக்கு மட்டும் தட்டைப் பார்த்து, நாற்பத்திரண்டு பெயர்களையும் படித்தேன். இவ்வளவு நன்றாகப் படிக்கிறேன் என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று நினைத்தேன்.

நான்கு பேர் இருந்த அந்த வீட்டில், ஒரு தட்டை அதன் பெயர் எழுதிய உறைக்குள் வைக்கத் தெரிந்தவள் யார் என்று கண்டுபிடிக்க அத்தைக்கு ஜன்னல் வெளிச்சம்கூடத் தேவைப்பட்டிருக்காது. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில், கடைசிப் பெயரை இன்னும் சத்தமாகப் படித்தேன்.