எப்சிபா எடுத்த வியாழன்

எப்சிபாவுக்கு வாய் நீளம் என்று குமுளிப் பக்கத்து எஸ்டேட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபது வருஷமாக ஏலக்காய் ஸ்டோரின் சூட்டறையில் பச்சைக்காய் உலர்த்துகிறவள். அனலையும் மேஸ்திரியையும் ஒருசேரச் சமாளிக்க வாய் இல்லாமல் முடியுமா?

அவளே வாயடைத்துப் போனது வியாழனிடம்தான். மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து பழைய தொலைநோக்கியை வாங்கி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் செல்போனைக் கட்டிப் படம் எடுத்தாள். கிரகம் உலை மாதிரி கொதித்தது. இரண்டு மாதம், பொழுது சாய்ந்ததும் எடுத்த அத்தனையும் பாழ்.

தப்பு அவளுடையதுதான். மலை ஈரத்தில் கண்ணாடி பூஞ்சை பிடிக்குமே என்று தொலைநோக்கியைச் சூட்டறையிலேயே வைத்திருந்தாள். அதிசயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்கு லீவு, அடுப்பு அணைந்து கிடந்தது. அன்று சாயங்காலம் வியாழன் இரண்டு பட்டைகளோடு அசையாமல் நின்றது. கண்ணாடியின் சூடுதான் இத்தனை நாளும் படத்தை அலைக்கழித்தது என்று அப்போதுதான் புரிந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தப் படத்தை வாசகசாலையின் புகைப்படக் கண்காட்சியில், கீழே தன் பெயரெழுதி மாட்டினாள். செயலாளர் ஜோமோன் வந்து பார்த்தான்.

"சேச்சி, இது நெட்ல இருந்து எடுத்ததாக்கும். சொந்தப் படம் மட்டுந்தான் வைக்கலாம். கழட்டிருங்க."

"நான் எடுத்ததுதான்ப்பா."

"ஸ்டோர்ல காய் உலத்துற நீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எப்சிபா விறுவிறுவென்று வெளியே போனாள். தோற்று ஓடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் போட்டோ ஸ்டுடியோக் கவரோடு திரும்பி வந்தாள். உள்ளே அந்த இரண்டு மாதத்துப் பாழ் படங்கள்: நசுங்கியது, வழிந்தது, இரண்டாகத் தெரிந்தது என்று நாற்பத்தொரு வியாழன்கள். தேதி எழுதி, நல்ல படத்தைச் சுற்றி வரிசையாக ஒட்டினாள்.

"என்ன சேச்சி இது, எல்லாம் மோசமா இருக்கே?"

"மோசந்தான். நல்ல படம் நெட்ல கெடைக்கும். இந்த நாப்பத்தொண்ணும் எங்க கெடைக்குதுன்னு தேடிக் கொண்டா. கொண்டாந்தா நானே கழட்டிர்றேன்."

ஜோமோன் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் படங்களையே பார்த்தான். போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவள் அவனிடமே பேனா கேட்டு வாங்கினாள். நல்ல படத்தின் கீழே 'எப்சிபா' என்று மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் பெரிதாக எழுதினாள்: ஏலக்காய் ஸ்டோர்.