ரெண்டு நாளு இருந்துட்டுப் போடா

ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் போகிற பஸ்ஸில், தாரமங்கலம் தாண்டியதும், பின் இருக்கையில் ஒரு செல்போன் என் குரலில் கத்தியது. "ரெண்டு நாளு இருந்துட்டுப் போடா." கல்லூரிப் பெண் ஒருத்தி அவசரமாக எடுத்து, "பஸ்ல இருக்கறனுங்கப்பா" என்று சொல்லி வைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது என் குரல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அறுத்துப் போட்ட சோளத்தட்டு வயலெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு இன்னொரு அழைப்பு வராதா என்று காத்துக்கொண்டே போனேன். அன்று சாயங்காலம் சேலத்தில் என் நண்பனின் கச்சேரி.

அவன் பரமத்தி வேலூர்க்காரன், வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பிள்ளை. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஐந்து பேராகச் சேர்ந்தோம். மூன்று பேருக்கு வாத்தியம். அவன் பாடுவான், பாடுவான் என்றால் பேசுவான், உறுமுவான், தொண்டை கிழிய அலறுவான். ராப் மெட்டல் என்று பெயர் சொன்னான். எனக்கு வாத்தியமும் வராது, பாட்டும் வராது. வார்த்தை எழுதினேன். ஹாஸ்டலில் துரத்தினார்கள், வாடகை அறையில் துரத்தினார்கள். கடைசியில் எங்கள் தறிப்பட்டறைக்குக் கூட்டிவந்தேன். எங்கள் தெருவில் சத்தம் என்று சண்டைக்கு வர ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிறது. கிடாரும் டிரம்ஸுமாக இவர்கள் இடித்துத் தள்ளினால், எதிர் வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, "ஏஞ்சாமி, தறியில நாடா எங்கியோ இடிக்குதாட்ட இருக்குது, பாத்து எண்ணெய் உடு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தறி வீட்டுப் பேச்சுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலைச் சுமந்து ஓடுகிற நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் போகிற இடைவெளியில் சொல்லைச் செருகிவிட வேண்டும். நீட்டி முழக்கினால் பாதிச் சொல்லைத் தறி தின்றுவிடும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அவன் அதை எங்கள் பட்டறையில் பிடித்துக்கொண்டான். வெட்டி வெட்டி, அடிக்கும் அடிக்கும் நடுவில் வார்த்தையைக் குத்துகிற அந்தப் பாணிதான் பிறகு அவன் அடையாளம் ஆனது. இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டாலும் நாங்கள் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசிக்கொண்டிருப்போம். ஊர் அமைதியாகிவிட்டது காதுக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியாது.

திருச்செங்கோட்டில் ரிக் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில், வெல்டிங் பொறி பறக்க, பாதி கட்டின வண்டிமேல் ஏறி நின்று ஒரு பாட்டைப் படம் பிடித்தார்கள். போர்வெல் போட வடநாடு போன லாரிக்காரர்கள் அதை அங்கிருந்து ஊருக்கு அனுப்பினார்கள்; ஊரில் இருந்தவர்கள் மறுபடி அவர்களுக்கே அனுப்பினார்கள். அப்படித்தான் ஆரம்பம். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர், அப்புறம் கடல் தாண்டி. முதல் ஆல்பத்தில் வார்த்தையெல்லாம் என்னுடையது. இரண்டாவதில் பாதி. அதற்குப் பிறகு அவனே எழுதினான், நன்றாகவே எழுதினான். நான் கூடப் போகவில்லை. அப்பாவுக்குக் கை கால் விழுந்திருந்தது, தறி ஓட வேண்டியிருந்தது. பிறகு அப்பா போனார், அம்மா போனார். எனக்குப் பெண் பார்த்துப் பார்த்து, பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். நாற்பது தாண்டியதும் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலங்களில் காரணமில்லாமல் மேட்டூர் பஸ் ஏறுவேன், அணையைப் பார்க்காமலே திரும்பி வருவேன்.

போன வருஷம் கத்திரி வெயிலில் அவன் போன் செய்தான். "மச்சி, புது ஆல்பத்துக்குத் தறிச் சத்தம் வேணும்டா. நம்ம பட்டறைதான். வாரேன்."

அதில் எனக்குக் கேட்டது வாரேன் என்பது மட்டும்தான். கறி எடுத்து வந்து குழம்பு வைத்தேன். தலையணை உறை துவைத்தேன். மாடி அறையில் பாய் விரித்து, கூலருக்குத் தண்ணீர் ஊற்றினேன். இருப்பான் என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு செய்கிற ஒருவரோடு காரில் வந்தான். குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோலத் தறி தறியாக மைக் கட்டினார்கள். அவன் ஹெட்போன் மாட்டி, தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டான். நரை வந்திருந்தது அவனுக்கு. அத்தனை தறியும் ஓடுகிறது. வாசல்படியில் நின்றேன். பதிவு நடக்கிறது, பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. எங்கள் பழக்கப்படி அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ரெண்டு நாளு இருந்துட்டுப் போடா."

அந்த நொடியில் கரண்ட் போனது. 'ரெண்டு நாளு' தறிக்குள் போயிற்று. மிச்சமெல்லாம் வெறும் அமைதியில், கூரை இல்லாத வீட்டில் அம்மணமாய் நிற்பதுபோல நின்றது. அவன் கண் திறந்தான். மூச்சை இழுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் எதிர் வீட்டு அக்கா அவர் பட்டறையிலிருந்து கத்தினார்.

"ஊட்டுக்குள்ள இருக்கறவனையா சாமி இந்தக் கூப்பாடு கூப்படறே? மேட்டூர்ல தூங்கறவனெல்லாம் எந்திரிச்சு வந்துருவான்."

எல்லோரும் சிரித்தோம். ஒலிப்பதிவுக்காரர்தான் அதிகம் சிரித்தார். கிடைக்காத ஒன்று கிடைத்த சிரிப்பு. கரண்ட் வருகிற மாதிரி இல்லை. அவன் சமையலறைக்குப் போய், நின்றபடியே சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தின்றான். "உப்புப் பத்தலடா." பெங்களூரில் ஷோ. கார் திரும்பிப் போனது. மாடியில் கூலர் தண்ணீரை மறுநாள் செடிக்கு ஊற்றினேன்.

ஆல்பம் வந்தபோது கடைசிப் பாட்டு எங்கள் பட்டறை. தறி ஆரம்பிக்கிறது; கிடார் வந்து தறியோடு மல்லுக்கட்டுகிறது; அவன் இடைவெளியில் குத்துகிறான். எல்லாம் உச்சிக்கு ஏறும்போது சட்டென்று நிற்கிறது. என் குரல், முழுசாக. தறி தின்ற முன்பாதியை எப்படியோ மீட்டிருந்தார்கள். பிறகு அவனுடைய ஒரு மூச்சு இழுப்பு. அத்தோடு பாட்டு முடிகிறது. ஊரை விட்டுப் போன பிள்ளைகளுக்கு அந்த வரியில் அவரவர் வீட்டுக் குரல் கேட்கிறதாம். நான் அந்த மூச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குப் பின்னால் ஒரு சொல் இருந்தது. 'சரி' என்று இருக்கலாம். 'இல்லடா' என்றும் இருக்கலாம். எதுவானாலும் பரவாயில்லை, அது எனக்குச் சேர வேண்டிய சொல். அதைக் கேட்கத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

மைதானத்தில் புழுதி முட்டி வரைக்கும் பறந்தது. கடைசிப் பாட்டில் வாத்தியங்கள் நின்றதும் அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். அத்தனை பேரும் என் வரியைக் கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, மூச்சை இழுத்தான். நான் எக்கி நின்றேன். விளக்கெல்லாம் அணைந்தது. கைதட்டல். ஊர் ஊராக அப்படித்தான் முடிப்பான் போலிருக்கிறது.

பின் கேட்டில் அவன் கார் நகர முடியாமல் நின்றது. பையன்களும் பெண்களும் கண்ணாடியைத் தட்டித் தட்டி அதையே கத்தினார்கள், இருந்துட்டுப் போடா, இருந்துட்டுப் போடா. எப்படியோ என்னைப் பார்த்துவிட்டான். கண்ணாடி இறங்கியது. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"டேய். சொல்லவே இல்ல, வாரேன்னு."

அன்னைக்கு என்ன சொல்ல வந்தே என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியையே மறுபடி சொல்ல வேண்டும். சுற்றி அதை இத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்க, நானும் சொன்னால் அது பாட்டாகிவிடும்.

"என்னடா? கேக்கல." காதருகே கையைக் குவித்தான்.

குரலே இல்லாமல், தறி ஓடும்போது கேட்பதுபோல, உதட்டை மட்டும் அசைத்தேன். சாப்பிட்டியா.

அவன் அந்த உதட்டுப் பேச்சை மறந்திருக்கவில்லை. அவன் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது. இனிமேத்தான்.

கார் நகர்ந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் ஒவ்வொன்றாகக் கழன்றது.

பஸ்ஸில் ஆள் குறைவு. கண்டக்டர் வந்து நின்றார். "ஜலகண்டாபுரம் ஒண்ணு" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, பக்கத்துலதானுங்க நிக்கறேன்" என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.