தன்னோடு தானே மல்லுக்கு நின்ற அஸம்ப்டா

எங்கள் ட்ரம்கீரா விமான நிலையம் என்றால் ஒரு ஓடுபாதை, அதில் மேயும் முயல்கள், தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அவ்வளவுதான். தீயணைப்பு வண்டி ஓட்டுவது நான், பெட்டி ஏற்றுவதும் நான். ஆனால் நிலையத்தை நடத்தியது அஸம்ப்டா கில்ஹூலி. ஐம்பது தாண்டியவள், வாட்டசாட்டமான உடம்பு. டிக்கெட் ஜன்னலில் நின்று அவள் கூப்பிட்டால் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

எண்பதுகளின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் லண்டனை ஒட்டிய லூட்டனுக்குக் கர்லூ ஏர் கம்பெனி மட்டுமே பறந்தது. அவர்கள் வைத்ததுதான் கட்டணம். லண்டனில் கட்டட வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். அப்புறம், எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் விமானம் விடலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. போட்டிக்குப் பஃபின் ஏர் வந்து சேர்ந்தது. அவர்களுக்கும் ஜன்னலில் உட்கார ஓர் ஆள் வேண்டும். நிலைய மேலாளர் கோல்மன் ஷீஹி, கர்லூ ஜன்னலில் இருந்த அஸம்ப்டாவிடம் நேரே போனார்.

"டிக்கெட் மெஷின் தெரிஞ்சவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான். ரெண்டையும் பாத்துக்கோயேன்."

"கர்லூக்காரங்க என்னைக் கொன்னுருவாங்க."

"டப்ளின்ல உக்காந்திருக்கற உங்க முதலாளிக்கு இங்க நடக்கறது என்ன தெரியப் போவுது? பஃபினுக்கு உங்கப்பா வீட்டுப் பேரைக் குடுத்துரு."

அன்றிலிருந்து கர்லூ ஜன்னலில் கழுத்தில் நீலத் துணி கட்டிய மிஸஸ் கில்ஹூலி. பஃபின் ஜன்னலில் ஆரஞ்சுத் தொப்பி வைத்த மிஸ் டூஹி. அவள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறோமோ அவருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

நாய்ப் பந்தயத்துக்காக அடிக்கடி லூட்டன் போய்வரும் மாஸி டியர்னி ஒரு நாள் நீல ஜன்னலில் கேட்டார்: "ஏம்மா, பஃபின்ல கம்மியாமே?"

"கம்மிதான். அந்த டூஹியை நம்பி ஏறுனீங்கன்னா நீங்க ஒரு ஊருக்குப் போவீங்க, உங்க பெட்டி ஒரு ஊருக்குப் போகும்."

மாஸி அடுத்த ஜன்னலுக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் அஸம்ப்டா தொப்பியோடு அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"வாங்க, மிஸ்டர் டியர்னி. அந்த நீலக்காரி என்னைப் பத்தி என்ன சொன்னா?"

"பெட்டி தொலைஞ்சுரும்னா."

"பொறாமை. வயசாயிருச்சுல்ல அவளுக்கு."

கர்லூ, ஸ்கோன் என்கிற கெட்டி பன்னில் ஜாம் தடவிக் கொடுத்தது. பஃபின் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் கொடுத்தது. இரண்டையும் ஒரே அடுப்பில் செய்தவள் அஸம்ப்டா. ஸ்கோன் வேகும்போது சாண்ட்விச்சைத் திட்டுவாள், சாண்ட்விச் கட்டும்போது ஸ்கோனைத் திட்டுவாள். அப்புறம் கர்லூ, பயணிகளுக்கு இசை வேண்டும் என்றது. கோல்மன் என் கையில் அக்கார்டியனைத் திணித்தார். எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதுவும் சாவு வீட்டில் வாசிப்பது. அன்று விமானம் ஏறியவர்கள் எல்லோரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே ஏறினார்கள்.

அஸம்ப்டாவின் புகழ் இரண்டு பக்கமும் பரவியது. டப்ளினிலிருந்து கர்லூ முதலாளி பிகட் அவளுக்கே போன் செய்தார்: "அந்த டூஹி பயங்கர கெட்டிக்காரியாமே. நம்ம பக்கம் இழுக்க முடியுமா?"

"அவ லேசுல மசியமாட்டா, சார்."

மறுநாள் லூட்டனிலிருந்து பஃபின் முதலாளி கிராப்ட்ரீ, கில்ஹூலியை இழுக்க முடியுமா என்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். பொறுக்க மாட்டாமல் இருவருமே நேரில் கிளம்பி வந்தார்கள், அதுவும் ஒரே நாளில். அன்று காலை அவர்கள் இறங்கியதும் பனி மூடிக்கொண்டது. எதுவும் பறக்கவில்லை. கூடம் நிறையச் சனம்.

பிகட் ஆரஞ்சு ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்தார்: "மிஸ் டூஹி, எங்ககிட்ட வந்துருங்க. கில்ஹூலியை அனுப்பிருவோம். பாவம், கொஞ்சம் மந்தம்."

அஸம்ப்டாவின் கழுத்து சிவந்தது. "யாரு மந்தம்?"

"அதான், கில்ஹூலி."

"விடியறதுக்கு முந்தி எழுந்து உன் ஸ்கோனுக்கு மாவு பிசையறவ மந்தமாய்யா?" தொப்பியைக் கழற்றி அவர் மார்பில் எறிந்தாள். அந்த வேகத்தில் கோட்டு விலகி, உள்ளே இருந்த நீலத் துணி தெரிந்தது.

வாயில் பாதி சாண்ட்விச்சோடு கிராப்ட்ரீ ஓடி வந்தார். "மிஸ் டூஹி, கர்லூ துணியை நீங்க ஏன் கட்டியிருக்கீங்க?"

மாஸிதான் வாயைத் திறந்தார்: "ரெண்டும் ஒரே ஆளுதான், சார். ஊருக்கே தெரியும். உங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியாது."

பிகட் கத்தினார்: "இப்பவே உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

"ரொம்ப நல்லது. நாங்க முழுசா எடுத்துக்கறோம்" என்றார் கிராப்ட்ரீ.

"அப்படின்னா தூக்கல!"

"அவரு தூக்கலைன்னா நானும் தூக்கல!"

அஸம்ப்டா தொப்பியைப் பொறுக்கித் தூசி தட்டினாள். "முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. அடுப்புல தீயுது."

பனி விலகியதும் பிகட் சொந்தக் கௌரவத்துக்காகத் தன் விமானத்தை லூட்டனுக்குக் கிளப்பினார். கிராப்ட்ரீயும் விடவில்லை. நாற்பது பேர் உட்காரும் இரண்டு விமானங்கள் ஒவ்வொன்றிலும் நாலைந்து பேரோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன.

அப்படிப் பறந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஓரிரு வருஷத்தில் பஃபின் படுத்துவிட்டது. கர்லூ கட்டணத்தைப் பழையபடி ஏற்றியது. அந்த இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் அஸம்ப்டாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கர்லூவில் ஊழியர் என்று ஒரு சலுகையும் இல்லை. அவளோ வீம்புக்காரி, அந்தக் காசைக் கொடுக்க மாட்டேன் என்றாள். ரோஸ்லேர் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினாள். கடல் அன்று பேயாட்டம் ஆடியது. கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பச்சை முகத்தோடு நிற்பவள் அவள்தான்.

திரும்பி வந்ததும் பிகட்டுக்குப் போன் போட்டாள். நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தும் ஒரு சொல் தப்பவில்லை. "உங்க டிக்கெட் விலையால கப்பல்ல நான் வாந்தி எடுத்தது மூணு மாவட்டத்துக்குத் தெரியும், சார். அடுத்த தடவை உங்க மேசைமேல எடுப்பேன்."

அந்த மாதமே லூட்டன் கட்டணம் குறைந்தது. காரணம் என்னவென்று பிகட் டப்ளினில் யாரிடமும் சொல்லவில்லையாம்.