தொட்டியிலிருந்து வாசல் வரை

அக்கா கபடி ஆடியவள். விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். பெண்கள் ஆட்டம் எங்கே நடந்தாலும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதிரணிக்குள் முதலில் பாடிப் போவது அவள்தான்.

எனக்கு எட்டு வயதில் அவள் ஆடுவதை முதலில் பார்த்தேன். பாடிப் போனவள் மேல் ஐந்து பேர் விழுந்தார்கள். கால் மட்டும் தெரிந்தது. அடியிலிருந்து ‘கபடி கபடி’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. செத்துவிட்டாள் என்று அழுதேன். உதட்டில் ரத்தத்தோடு எழுந்து வந்தாள்.

“ஏண்டா அழுவுற? அமுக்குனது என்னயத்தான?”

அன்று முதல் அவள் ஆடினால் அந்தச் சத்தம் நிற்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல், தலைவலி எது வந்தாலும் அம்மா “பாடிக் காட்டு” என்பாள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எங்கள் வாசல் வரை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு வர வேண்டும். வந்துவிட்டால் உடம்புக்கு ஒன்றுமில்லை. கஷாயம் போதும். பாதியில் மூச்சு விட்டால் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். அக்கா ஒரு தடவையும் விட்டதில்லை. அம்மா போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. வேறு டாக்டர் எங்களுக்குத் தெரியாது.

அவளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தோம். எனக்கு அடுத்த வீடு. மாமா குவைத்தில் டிரைவர். ஒரே மகள். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே தொட்டியிலிருந்து பாடி வந்தாள். குழந்தை அழவில்லை. அந்தச் சத்தம் அதற்கும் பழகியிருந்தது.

மகளுக்கும் கபடிதான். வீட்டுக்குப் பின்னால் கருவேல முள்ளை அக்காவே வெட்டி இடம் எடுத்தாள். நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். வண்டியில் தங்கும் தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்க் கோடு போடுவாள். மாடு கறந்து, சோறு ஆக்கி, நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகளைப் பிடிப்பாள்.

“அம்மா, வலிக்குது.”

“எதிராளி உன் அம்மாவா, வலிக்காமப் புடிக்க? திமிறு.”

மகளை இழுத்துப்போட்டு மண்ணைத் தட்டிவிடுவாள். பிறகு அவளுக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுப்பாள். தான் தின்ன மாட்டாள்.

போன மாசி மாதம் அக்காவுக்கு மேல் முதுகு வலித்தது. இடது கை குடைந்தது. படி ஏறினால் நின்றாள். வாயு என்றாள். பூண்டு வறுத்துத் தின்றாள், ஓமத்தண்ணி குடித்தாள். அரியலூர் போகலாம் என்றேன்.

“எதுக்கு? தொட்டியிலேருந்து பாடிக் காட்டுறேன். நின்னு கேளு.”

வாசலில் நின்றேன். பாடிக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு வைக்கோல் போர் இருக்கிறது. அதன் பின்னால் நாலைந்து அடி ஆள் மறைவாள். அந்த இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்தது. திரும்ப வந்தது. கள்ளமூச்சு. ஆட்டத்தில் நடுவருக்குத் தெரியாமல் திருடும் மூச்சு. அக்கா ஆட்டத்தில் அதைச் செய்ததே இல்லை. தன் அணியில் செய்தவளைப் பாதி ஆட்டத்தில் வெளியே அனுப்பியவள்.

வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“எப்படி?”

“சரிதான்” என்றேன்.

எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல பாப்பாவுக்கு கபடி செலக்‌ஷன். அது முடியட்டும். மறுநா நீ கூப்புடுற எடத்துக்கு வரேன். அவகிட்ட வாயத் தொறந்தே, மிதிச்சுப்புடுவேன்.”

இடையில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் வண்டியில் போன் அடித்தால் ஓரம் கட்டினேன். பேர் பார்க்கப் பயந்து இரண்டு தடவை எடுக்கவில்லை. விடிந்ததும் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் காது வைப்பேன். பாத்திரம் உருளும். அப்புறம்தான் பல் விளக்குவேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். ஸ்டேடியத்தில் மகள் பாடிப் போனாள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடும் அசைந்தது. மகளோடு சேர்ந்து மூச்சைக் கட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் நெற்றி வேர்த்துக் கொட்டியது.

“மூச்ச வுடுக்கா” என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். மகளை நடுவில் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையால் ஊர்ந்து வந்தாள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அக்கா வாயைப் பார்த்தேன். மகள் கோட்டைத் தொட்ட பிறகுதான் அக்கா மூச்சு விட்டாள்.

“பாத்தியாடா? என்னாட்டம் இல்ல. என்னவுட நல்லாப் பாடுது.”

தேர்வானவர்களில் மகள் பேரைப் படித்தார்கள். பஸ்ஸில் அக்கா மகள் தோளில் சாய்ந்து தூங்கினாள். வழியெல்லாம் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கள் காலை பைக்கை எடுத்து வாசலில் வைத்தேன். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். மகளுக்கு இட்லி வைத்து மூடியிருந்தாள்.

“எதுக்கும்மா ஆஸ்பத்திரி?” என்றாள் மகள்.

“சும்மா, செக்கப்பு.”

“பொய் சொல்லாத. ஒனக்கு என்ன?”

“ஒன்னுமில்லடி. வேணும்னா பாத்துக்க.”

தொட்டிக்கு நடந்தாள். ‘வேணாங்க்கா’ என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏன் என்று கேட்கும். அதற்குப் பயந்து நின்றேன்.

பாடிக்கொண்டு வந்தாள். போர் மறைத்தது. சத்தம் அறுந்தது.

மகள் சிரித்தாள். “அம்மா ஏமாத்துது மாமா. அங்கதான் மூச்சு எடுக்கும். பொங்கல்லேருந்து இப்படித்தான்.”

நான் காத்திருந்தேன். எடுக்கா, மூச்ச எடு என்று மனசுக்குள் கத்தினேன். திருடு, பரவாயில்லை, சரிதான் என்று சொல்கிறேன். அந்தப் பக்கமிருந்து சத்தம் வரவில்லை. மகள் சிரிப்பு நின்றது. ஓடினோம்.

போர் மேல் ஒரு கையை வைத்தபடி கீழே உட்கார்ந்திருந்தாள். அரியலூர் போய்ச் சேரும்வரைகூட உயிர் இல்லை.

“எத்தன நாளா இப்படி?” என்று டாக்டர் கேட்டார். நாலு நாள் என்றேன். பொங்கலிலிருந்து என்று மகள் பின்னால் நின்று சொன்னாள். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

மாமா குவைத்திலிருந்து வந்து காரியம் செய்துவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிட்டது. என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம் கழித்து நானே அவளிடம் போனேன்.

“எனக்குத் தெரியும் பாப்பா. செலக்‌ஷன் முடியட்டும்னு சொன்னா. நான் வாய மூடிட்டேன்.”

“நான் சிரிச்சேன் மாமா” என்றாள்.

வைகாசியில் ஒருநாள் காலை என் வாசலுக்கு வந்தாள். காலில் ஷூ போட்டிருந்தாள்.

“தொட்டியிலேருந்து பாடப் போறேன். நீ இங்க நில்லு. திருடுனா சொல்லிடணும்.”

“சொல்றேன்.”

“சரிதான்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

அன்று முதல் தினமும் நிற்கிறேன். லாரி லோடு அவசரமானாலும் நின்றுவிட்டுத்தான் போவேன். போர் மறைக்கும் அந்த நாலைந்து அடிக்குள் எனக்கு உயிர் போய் வரும். போரைப் பிரித்து வேறு இடத்தில் போட்டுவிடலாம் என்று மனைவி சொன்னாள். வேண்டாம் என்று பிள்ளை சொல்லிவிட்டது.

போன வாரம் அந்த இடத்தில் சத்தம் அறுந்தது. நான் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினேன். தெருவில் ஆளெல்லாம் எழுந்து நின்றார்கள். பிள்ளை போருக்குப் பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“தும்மல் மாமா. தூசி.”

“பைக்குல ஏறு.”

“தும்முனதுக்கா? டாக்டர் சிரிப்பாரு மாமா.”

“சிரிக்கட்டும். ஏறு.”

ஏறினாள். என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரியலூர் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் “இருக்கேன் மாமா” என்றாள்.