சைபரை நிரப்பச் சொன்னார்கள்

ஆய்வேடு டைப் அடித்துக் கொடுக்கும் தொழிலில் பட்டம் அவர்களுக்கு, ரத்தக்கொதிப்பு நமக்கு. சிதம்பரத்தில் என் மாமாவின் கடையில் ஐந்து வருடம் கீபோர்டைத் தட்டியவன் சொல்கிறேன். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு ஒன்று

ஷாகிதா, கடலூரிலிருந்து வரும் எம்.ஃபில். மாணவி. அந்த மாதமே ஆய்வேடு தேறினால்தான் ஒரு கல்லூரியில் சொல்லி வைத்திருந்த வேலை கிடைக்கும். பின்னிணைப்பில் பத்துக்குப் பத்து அலகு அணி வேண்டும்: மூலைவிட்டத்தில் ஒன்று, மற்ற இடமெல்லாம் பூஜ்யம்.

ஓப்பன் ஆபீஸில் இதற்கென்றே 'எம்யூனிட்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழு அணியும் வந்துவிடும். வெறும் என்டர் தட்டினால் ஒரே ஒரு ஒன்று வந்து நிற்கும். மாமா வெறும் என்டர்தான் தட்டுவார். தொண்டை வறளக் கத்தினேன். மாமா கேட்டால்தானே. "அதான் ஒன்னு வந்துடுச்சுல்ல மாப்ள, அதயே காப்பி பண்ணி எல்லாக் கட்டத்துலயும் போடேன்!"

பிழைச் செய்தி

ஷாகிதாவின் துறையில் இருந்தது எக்செல். அதில் அப்போது இந்த ஃபங்ஷன் கிடையாது. ஃபைலைத் திறந்ததும் கட்டத்துக்குக் கட்டம் பிழைச் செய்தி. வெறும் எண்களாக மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துறையின் கம்ப்யூட்டர் லேப்காரர் போனில் எகிறினார். "உங்க கட வைரஸ எங்க சிஸ்டத்துல ஏத்தி வுட்டுட்டு வெளக்கம் வேற சொல்றியா?"

காலியாக இருக்கிறதாம்

அடுத்து ஷாகிதாவின் வழிகாட்டிப் பேராசிரியர். இத்தனை பூஜ்யம் இருந்தால் வேலையே செய்யாத மாதிரி தெரியும், ஏதாவது எண் போட்டு நிரப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார். பூஜ்யத்தை எடுத்தால் அது அலகு அணியே இல்லை, முடியாது என்றேன். ஷாகிதா அழுதுவிட்டார்.

மறுநாள் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், மாமா தன் இஷ்டத்துக்குத் தசம எண்களைப் போட்டு, பிரின்ட் எடுத்து, பைண்டிங்கும் முடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். குதித்தேன். அவருக்கு உறைக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு அழுவுது, நீ சட்டம் பேசுற. கட்டம் காலியா கெடந்துச்சு, அழகா ரொப்பிட்டேன்."

வாய்மொழித் தேர்வு

வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி சற்றும் யோசிக்காமல், டைப்பிங் கடைக்காரன் தப்பு என்று சொல்லிவிட்டார். ஷாகிதா கடைக்கு ஓடி வந்தார். "அண்ணே, நீங்க வந்து உங்க தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா பக்கத்த மாத்த வுடுறாங்களாம். இல்லாட்டி வேல போயிடும்ணே."

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் போனேன். நான்தான் தப்பாக அடித்தேன் என்று சொன்னேன். வழிகாட்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் ஷாகிதா பக்கம் திரும்பினார். "அலகு அணின்னா என்னன்னே தெரியாத ஆளுகிட்டல்லாம் ஏம்மா தீசிஸக் குடுக்குற?"

ஆக மொத்தம், ஷாகிதாவுக்கு வேலை கிடைத்தது, வழிகாட்டி சாருக்கு மரியாதை மிஞ்சியது, கணக்குத் தெரியாதவன் என்ற பேர் மட்டும் கேட்காமலே எனக்கு வந்து சேர்ந்தது.